பென்டாக்ஸ் கே1000: வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ஃபிலிம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் பக்கம் போனால் குறைந்தது இரண்டு பேராவது நிறுத்திப் பேசுவார்கள். ஒருவர், "எங்கப்பாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, பரண்ல கிடக்குது, இப்ப வேலை செய்யுமா?" என்பார். இன்னொருவர் விஸ்காம் படிக்கிற பிள்ளையாக இருக்கும், "அண்ணா, இதை இப்ப வாங்கலாமா?" என்று கேட்கும். நடைபாதையில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் இதுவரை என்னிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன். என்னுடையது சித்தப்பாவின் கேமரா. 1984-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் சொல்லி வைத்து வாங்கினார். பதினாறு வருடமாக என்னிடம் இருக்கிறது.

இது எந்தக் காலத்துக் கேமரா?

ஜப்பானில் அசாஹி ஆப்டிகல் என்ற கம்பெனி 1976-ல் கொண்டுவந்தது. 1997 வரை, இருபத்தோரு வருடம், பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் இதே கேமராவைச் செய்துகொண்டே இருந்தார்கள். முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. முதலில் ஜப்பானிலும், பிறகு ஹாங்காங்கிலும், கடைசி வருடங்களில் சீனாவிலும் செய்தார்கள். முன்பக்கம் 'அசாஹி' என்ற பெயரும் இருந்தால் அது முந்தைய காலத்தது. வெறும் 'பென்டாக்ஸ்' மட்டும் இருந்தால் பிந்தையது. பிந்தைய பாடிகளில் பிளாஸ்டிக் கொஞ்சம் அதிகம். ஆனால் அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, நன்றாகப் பராமரித்த சீனத் தயாரிப்பு ஒன்று பரணில் துருப்பிடித்த ஜப்பான் தயாரிப்பைவிட எவ்வளவோ மேல்.

எஸ்எல்ஆர் என்று சொல்கிறார்களே, உள்ளே என்ன நடக்கிறது?

லென்ஸைக் கழற்றிவிட்டு முன்னாலிருந்து பாருங்கள், சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி தெரியும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டு மேலே போய், கூம்பு மாதிரி இருக்கிற தலைப்பகுதிக்குள் உள்ள பிரிசத்தில் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. அதாவது லென்ஸ் பார்ப்பதையேதான் நீங்களும் பார்க்கிறீர்கள், எஸ்எல்ஆர் என்பது இதுதான். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே போகும், லென்ஸுக்குள் இருக்கும் இதழ்கள் நீங்கள் வைத்த அளவுக்குச் சுருங்கும், ஷட்டர் துணி ஓடும், கண்ணாடி மறுபடி கீழே வரும். படம் பதிகிற அந்தக் கணத்தில் மட்டும் நீங்கள் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருண்டு போகும். நீங்கள் எடுத்த கணத்தை நீங்கள் பார்ப்பதில்லை, யோசித்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கண்ணாடி தானாகக் கீழே இறங்கும் வசதி ஆரம்பத்திலிருந்து இருந்ததல்ல. அதற்கு முன் வந்த பல கேமராக்களில் ஒரு படம் எடுத்தால், அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுற்றும்வரை வியூஃபைண்டர் இருட்டாகவே கிடக்கும். இதே அசாஹி கம்பெனி 1954-ல் அசாஹிஃப்ளெக்ஸ் 2பி என்ற கேமராவில் அதைச் சரிசெய்தது. இன்று எல்லோரும் சாதாரணமாக நினைக்கும் விஷயம் அது.

அண்ணா, பேட்டரி இல்லாமல் ஓடுமா?

ஓடும். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும் நடக்கிறது. 1 நொடியிலிருந்து 1/1000 நொடி வரை எல்லா வேகமும் பேட்டரி இல்லாமலே வேலை செய்யும், பட்டனை அழுத்திப் பிடிக்கும்வரை ஷட்டரைத் திறந்து வைக்கும் பி-யும் அப்படித்தான். அடியில் போடும் ஒரே ஒரு பட்டன் பேட்டரி, எல்ஆர்44 அல்லது எஸ்ஆர்44, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரின் முள்ளை அசைக்க மட்டும்தான். அந்தப் பேட்டரி எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். இது சின்ன விஷயம் இல்லை. அதே காலத்து ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி 101 போன்றவை பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பேட்டரியே இப்போது செய்வதில்லை, மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆன் செய்யும் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

கிடையாது. லென்ஸ் மூடிதான் சுவிட்ச். வெளிச்சம் உள்ளே போனால் மீட்டர் விழித்துக்கொள்ளும், மூடியைப் போட்டால் தூங்கிவிடும். மூடி இல்லாமல் அலமாரியில் வைத்தால் ஜன்னல் வெளிச்சத்திலேயே பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். முதல் வருடம் இது தெரியாமல் மூன்று பேட்டரி வாங்கினேன்.

மீட்டர் முள்ளை எப்படிப் படிப்பது?

வியூஃபைண்டரில் வலது ஓரத்தில் ஒரு முள் மேலும் கீழும் ஆடும். நடுவில் நின்றால் வெளிச்சம் சரி, மேலே போனால் அதிகம், கீழே போனால் குறைவு. முள்ளை நடுவுக்குக் கொண்டுவர உங்களிடம் இரண்டு வழி உண்டு: மேலே இருக்கும் ஷட்டர் வேகத் திருகு, லென்ஸுக்குள் இருக்கும் இதழ்களை விரித்துச் சுருக்கும் அப்பர்ச்சர் வளையம். அவ்வளவுதான் இந்தக் கேமரா. வேகமோ அப்பர்ச்சரோ எந்த எண்ணும் வியூஃபைண்டருக்குள் தெரியாது, கண்ணை எடுத்து மேலே பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஒரு மாதம் போனால் கிளிக் எண்ணியே விரல் பழகிவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அப்பர்ச்சரின் எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும், இதை மட்டும் நினைவில் வையுங்கள். 1/250-ல் எஃப் 8 வைத்தால் முள் நடுவில் நிற்கிறது என்று வையுங்கள். 1/500-ல் எஃப் 5.6 வைத்தாலும் நடுவில்தான் நிற்கும், 1/125-ல் எஃப் 11 வைத்தாலும் நடுவில்தான். ஃபிலிமில் விழும் வெளிச்சம் மூன்றிலும் ஒன்றே, படம் மட்டும் வேறு. காசிமேட்டில் கூடையைத் தூக்கி எறிகிறவரின் கை உறைந்து நிற்க வேண்டுமென்றால் 1/500 பக்கம் போங்கள். பின்னால் நிற்கும் படகுகள் வரை தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 11 பக்கம். போனில் இதையெல்லாம் அதுவே தீர்மானித்துவிடும். இங்கே ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள், அதனால் படம் ஏன் அப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். நான் இந்தக் கேமராவை விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

முள் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. இந்த மீட்டர் கண்ணுக்குத் தெரியும் காட்சியை ஏறக்குறைய மொத்தமாகச் சேர்த்துச் சராசரி பார்க்கிறது. விடியற்காலையில் மெரினாவில் கடலுக்கு முதுகு காட்டி ஒருவரை நிற்க வைத்தால், பின்னால் இருக்கும் வானம் அவ்வளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 'வெளிச்சம் அதிகம்' என்று முள் மேலே ஏறும். நீங்களும் குறைப்பீர்கள், முகம் கறுத்துப் போகும். கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டிக் கூட்டத்தை எடுத்தாலும் இதே கதைதான், வேட்டி சாம்பல் நிறத்தில் வரும். கோயில் மண்டப இருட்டில் விளக்கை எடுத்தால் நேர் எதிர். இதற்கு எளிய வழி: முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, கை மட்டும் தெரியும்படி கிட்டே போய் முள்ளை நடுவில் வையுங்கள், அப்புறம் அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப், அதாவது எஃப் 8 என்றால் 5.6-க்கு, திறந்துவிடுங்கள். பிறகு வானம் என்ன சொன்னாலும் மாற்றாதீர்கள்.

மீட்டர் செத்துவிட்டது. கேமரா வீணா?

இல்லவே இல்லை. உச்சி வெயிலில் அப்பர்ச்சரை எஃப் 16-ல் வைத்து, ஷட்டர் வேகத்தை ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (வெளிச்சத்தை எவ்வளவு எளிதாகப் பிடிக்கும் என்று ரோலில் போட்டிருக்கும் எண்) அருகில் வையுங்கள். 200 ஃபிலிம் என்றால் 1/250, 400 என்றால் 1/500. இது உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு, சென்னை வெயிலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். மணலில் எஃப் 22. மெல்லிய மேகம் என்றால் எஃப் 11, நன்றாக மூடியிருந்தால் எஃப் 8 அல்லது 5.6, மர நிழலோ திண்ணையோ என்றால் எஃப் 4. இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் வீட்டுக்குள் எடுப்பதென்றால் 400 ஃபிலிமில் எஃப் 2, 1/30 அருகில் வரும், சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சைப் பிடித்து எடுங்கள். கலர் ஃபிலிமில் டியூப்லைட் கொஞ்சம் பச்சையாக அடிக்கும்.

சந்தேகம் வந்தால் நெகட்டிவ் ஃபிலிமுக்கு வெளிச்சம் கூடுதலாகக் கொடுங்கள். ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூடினாலும் தாங்கும். குறைந்தால்தான் நிழலெல்லாம் சேறாகிவிடும்.

ரோல் எப்படிப் போடுவது? பயமாக இருக்கிறது.

இடது பக்கக் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும். ரோலை இடது பள்ளத்தில் வைத்துக் குமிழை அழுத்துங்கள். ஃபிலிமின் நாக்கை வலது பக்கம் இழுத்து, அங்கே இருக்கும் வெள்ளைக் குச்சிகளுக்கு நடுவில் செருகுங்கள். கதவை மூடுவதற்கு முன்பே ஒரு முறை லீவரை இழுத்து, மேலும் கீழும் உள்ள ஓட்டைகள் பல்லில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூடி, எண் 1 வரும்வரை இரண்டு மூன்று முறை சுற்றி அழுத்துங்கள். நிழலில் நின்று செய்யுங்கள்.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியதைப் பலர் சொல்லித் தருவதில்லை. இடது பக்கத்து மடிப்புக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பித் தொய்வை எடுத்துவிட்டு, லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழைக் கவனியுங்கள். அது சுற்றினால் உள்ளே ஃபிலிம் நகர்கிறது. சுற்றாவிட்டால் ஃபிலிம் பிடிக்கவில்லை. மேலே எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும், கேமரா எதுவும் சொல்லாது.

அத்தை மகள் வளைகாப்புக்கு நான் எடுத்தது அப்படித்தான். 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்தேன். வளையல் அடுக்கும்போது அவள் பாட்டியின் விரல், மடியில் கட்டிய எலுமிச்சை, ஐந்து வகைச் சாதம் வைத்த வாழை இலை, எல்லாம் நல்ல ஜன்னல் வெளிச்சத்தில். எண் 36-ஐத் தாண்டி 38, 39 என்று போனபோதுதான் வயிறு கலங்கியது. ஃபிலிம் முழுசாக ரோலுக்குள்ளேயே இருந்தது. பத்து வருடம் ஆகிவிட்டது, அந்த வாழை இலை இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து முதல் மூன்று படம் வரை என் கண் அந்தக் குமிழைவிட்டு அகலாது.

எடுத்து முடித்ததும்?

லீவர் பாதியில் நின்றுவிடும். பலம் போட்டு இழுக்காதீர்கள், ஃபிலிம் கிழியும். கேமராவின் அடியில் உள்ள சின்னப் பட்டனை அழுத்திவிட்டு, இடது கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் சுற்றுங்கள். இறுக்கமாக வரும், ஒரு கட்டத்தில் 'லொடக்' என்று இளகும். அதற்குப் பிறகுதான் கதவைத் திறக்கலாம். திறந்ததும் எண் தானாக ஆரம்பத்துக்குப் போய்விடும்.

ஐஎஸ்ஓ எங்கே வைப்பது?

ஷட்டர் வேகத் திருகின் வெளி விளிம்பை மேலே தூக்கித் திருப்புங்கள், சின்ன ஜன்னலில் ஏஎஸ்ஏ என்று 20-லிருந்து 3200 வரை எண்கள் வரும். ஏஎஸ்ஏ, ஐஎஸ்ஓ இரண்டும் ஒரே எண்தான். ரோல் டப்பாவில் உள்ள எண்ணை இந்தக் கேமரா தானாகப் படிக்காது. ரோல் மாற்றும்போதெல்லாம் கையால் மாற்ற வேண்டும். டப்பா அட்டையின் மூடியைக் கிழித்துக் கேமரா பின்னால் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், உள்ளே என்ன ரோல் என்ற குழப்பமே வராது.

செல்ஃப் டைமர் இருக்கிறதா? ஆட்டோ?

இரண்டும் இல்லை. அப்பர்ச்சரைச் சுருக்கி முன்கூட்டியே பார்க்கும் வசதியும் இல்லை. விலையைக் குறைக்க எடுத்துவிட்டார்கள்.

ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நடுவில் ஒரு வட்டம், சர்க்கரை தூவிய மாதிரி மினுமினுக்கும். ஃபோகஸ் தப்பினால் அந்தத் துகள்கள் உடைந்து நடுங்கும், சரியானதும் சட்டென்று தெளியும். புடவை ஜரிகை, மீசை, கோலத்தின் கோடு, இப்படி ஒரு விளிம்பில் வைத்துப் பாருங்கள், வெறும் சுவரில் எதுவும் புரியாது. எஸ்இ என்று போட்டிருக்கும் வகையில் இதற்குப் பதில் இரண்டாகப் பிளந்து சேரும் வட்டம் இருக்கும், அது இன்னும் சுலபம். கண்ணாடி போடுகிறவர்கள், வியூஃபைண்டரின் பின்பக்க விளிம்பு உங்கள் கண்ணாடியில் கீறல் போடும், ஒரு ரப்பர் வளையம் வாங்கி மாட்டுங்கள். இன்னொன்று, வியூஃபைண்டரில் தெரிவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஃபிலிமில் பதியும், ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை வந்து சேர்வது அதனால்தான்.

ஃபிளாஷ் போட்டால் பாதிப் படம் கறுப்பாக வருகிறதே?

ஷட்டர் வேகம் 1/60-ஐவிட அதிகமாக இருந்திருக்கும். இந்தக் கேமராவில் ஃபிலிமுக்கு முன்னால் ரப்பர் பூசிய இரண்டு துணித் திரைகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. முதல் திரை விலகும், இரண்டாவது வந்து மூடும். 1/60 வரைக்கும் ஒரு கணமாவது முழுப் படமும் திறந்திருக்கும். அதற்கு மேல் வேகம் போனால் முதல் திரை போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும், நடுவில் ஒரு சந்து மட்டும்தான் நகர்ந்துகொண்டு போகும். ஃபிளாஷ் வெளிச்சமோ மின்னல் மாதிரி ஒரு கணம்தான், அந்த நேரத்தில் சந்து எங்கே இருந்ததோ அங்கே மட்டும் படம் விழும். எனவே ஃபிளாஷுக்கு 1/60 அல்லது அதற்குக் கீழே.

எந்த லென்ஸ் பொருந்தும்?

பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்க்குக் கே மவுன்ட் என்று பெயர், 1975-ல் வந்தது. அப்பர்ச்சர் வளையம் உள்ள கே மவுன்ட் லென்ஸ் எதுவானாலும் மாட்டலாம். பிற்காலத்தில் வளையமே இல்லாமல் வந்த லென்ஸ்கள் மாட்டினால் நிற்கும், ஆனால் அப்பர்ச்சரை உங்களால் மாற்ற முடியாது, வாங்காதீர்கள். 50 எம்எம் எஃப் 2 கூடவே வந்திருந்தால் அதுவே போதும், ஒரு வருடத்துக்கு வேறு எதையும் தேடாதீர்கள். தேர்முட்டித் தெருவிலும் சரி, வீட்டு அடுக்களையிலும் சரி, அந்த ஒரு லென்ஸில் எடுத்துப் பழகினால் கேமராவைத் தூக்குவதற்கு முன்பே எங்கே நிற்க வேண்டும் என்று கால் சொல்லும்.

பழையது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு பட்டன் பேட்டரியும் ஒரு சின்ன டார்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். விற்கிறவர் "சூப்பர் கண்டிஷன் சார்" என்பார், அவசரப்படாதீர்கள்.

முதலில் பின்கதவைத் திறந்து, லென்ஸை எஃப் 2-ல் வைத்து, வானத்தைப் பார்த்துக் கேமராவைப் பிடித்து ஒவ்வொரு வேகமாக அழுத்திப் பாருங்கள். 1 நொடி உண்மையிலேயே 1 நொடிதானா? எண்ணெய் காய்ந்து போன கேமராவில் அது இழுத்துக்கொண்டே போகும், சில சமயம் நடுவில் நின்றுவிடும். 1/1000-ல் ஒரு வெளிச்சக் கீற்று முழு அகலத்துக்கும் தெரிய வேண்டும், ஒரு ஓரம் இருட்டாகத் தெரிந்தால் திரைகள் ஒன்றையொன்று துரத்திப் பிடிக்கின்றன என்று அர்த்தம். திரைத் துணியில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்து பேட்டரி போடும் இடம். பச்சையாகப் பூத்திருந்தால் பழைய பேட்டரி ஒழுகியிருக்கிறது. கொஞ்சம் என்றால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம், கம்பி வரைக்கும் போயிருந்தால் மீட்டர் கிடைக்காது. பேட்டரி போட்டு ஜன்னல் பக்கமும் மேசைக்கு அடியிலும் திருப்பினால் முள் ஏறி இறங்க வேண்டும்.

கதவு ஓரத்திலும் கண்ணாடி மேலே போய் இடிக்கும் இடத்திலும் கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் அது தார் மாதிரி ஆகிவிடும், தொட்டால் விரலில் ஒட்டும். ஏறக்குறைய எல்லாப் பழைய கேமராவிலும் இப்படித்தான், அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதை மாற்றாமல் எடுத்தால் படத்தில் ஆரஞ்சுக் கோடுகள் விழும். சிலர் அதை அழகு என்கிறார்கள், எனக்கு அது வெறும் ஓட்டைதான்.

லென்ஸில் சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது, துடைத்தால் போகவில்லை.

ஃபங்கஸ். சென்னையில் கேமராவுக்கு முதல் எதிரி இதுதான். கடல் காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையும், மூடிய பீரோவும் சேர்ந்தால் ஒரே சீசனில் வந்துவிடும். வெளியே இருப்பதைத் துடைக்கலாம், உள்ளே கண்ணாடிகளுக்கு நடுவில் வந்ததைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ரொம்ப நாள் விட்டால் கண்ணாடியின் மேல் பூச்சையே அரித்துவிடும், அப்புறம் சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும்.

நான் செய்வது இது. அரிசி டப்பா மாதிரி காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே அரைக் கிலோ சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. 40-க்கும் 50-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்து எடுக்கிறேன், அதற்கென்றே ஒரு பழைய வாணலி வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு அதைத் தொடாதீர்கள். அரிசிக்குள் கேமராவைப் புதைக்காதீர்கள், மாவுத் தூசி உள்ளே போகும். தோல் உறையில் போட்டு வைப்பது அதைவிட மோசம், தோலே ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். எதுவும் இல்லையென்றால் மூடி போட்டுத் திறந்த அலமாரியில் வையுங்கள், வாரம் ஒரு தடவை எடுத்து எல்லா வேகத்திலும் நாலு முறை அழுத்துங்கள். பூட்டி வைத்ததுதான் கெடுகிறது.

பெசன்ட் நகர் பீச்சுக்கு எடுத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் அங்கே ரோல் மாற்றாதீர்கள், லென்ஸைக் கழற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்துவிட்டு, காய்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸ் வியர்க்கும், துடைக்காமல் பையிலேயே கால் மணி நேரம் விடுங்கள்.

ரிப்பேருக்கு ஆள் கிடைப்பார்களா?

குறைந்துவிட்டார்கள், ஆனால் இருக்கிறார்கள். அண்ணா சாலை, திருவல்லிக்கேணி பக்கம் பழைய கேமராக் கடைகளில் விசாரித்தால் யாராவது ஒருவரைக் கை காட்டுவார்கள். கொடுப்பதற்கு முன் "கே1000 எத்தனை பார்த்திருக்கீங்க?" என்று கேளுங்கள். ஒரு கடையில் என் கேமராவின் மேல் தகட்டைக் கழற்ற இடுக்கியைப் போட்டுத் திருகியதில் விழுந்த கீறல் இன்றும் இருக்கிறது. பிறகு ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை, கேமராவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து 1 நொடியில் மூன்று முறை அழுத்திக் கேட்டார். "அடியில எண்ணெய் காஞ்சிருக்கு தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்றார். அது போலவே இருந்தது.

எந்த ஃபிலிம் வாங்குவது, எங்கே கழுவுவது?

ஆரம்பிக்கிறவர்களுக்கு 400 கறுப்பு வெள்ளை, இல்ஃபோர்ட் எச்பி5 அல்லது கோடக் ட்ரை-எக்ஸ். கலர் வேண்டுமென்றால் கோடக் கோல்ட் 200 பகல் வெளிச்சத்துக்கு நன்றாக இருக்கும், சாயங்காலச் சென்னை மஞ்சளை அது வாங்குகிற விதமே தனி. ஃபிலிமை ஃபிரிட்ஜில் வையுங்கள், எடுத்தவுடன் திறக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே வைத்த பிறகு டப்பாவைத் திறங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விடவே விடாதீர்கள்.

ஒரு காலத்தில் நம் ஊரிலேயே ஃபிலிம் செய்தார்கள். 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டியில் இருந்த பொதுத்துறை நிறுவனம், 'இந்து' என்ற பெயரில் விற்றது. எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தது. அது மூடிப் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

கலர் கழுவும் லேப்கள் நகரத்தில் ஒன்றிரண்டு இருக்கின்றன, பலர் கூரியரில் வெளியூருக்கும் அனுப்புகிறார்கள். நெகட்டிவைக் கட்டாயம் திருப்பிக் கேட்டு வாங்குங்கள், ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவை ஒதுக்கிவிடும் இடங்கள் உண்டு.

வீட்டிலேயே கழுவ முடியுமா?

கறுப்பு வெள்ளை என்றால் நிச்சயமாக முடியும், பாத்ரூம் போதும். நமக்குத் தொல்லை தண்ணீரின் சூடுதான். புத்தகங்கள் எல்லாம் 20 டிகிரி என்று சொல்லும், மே மாதத்தில் மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் கையே வைக்க முடியாது. எவர்சில்வர் அண்டாவில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் போட்டு, அதற்குள் மருந்து பாட்டில்களை நிற்க வைத்து 24 டிகிரிக்குக் கொண்டுவருகிறேன், அதற்குக் கீழே இறக்கப் போராடுவதில்லை. எச்பி5-ஐ ஐடி-11 மருந்தில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து 20 டிகிரியில் கழுவினால் 13 நிமிடம், 24-ல் சுமார் 9 நிமிடம். மருந்து, படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாம் ஒரே சூட்டில் இருக்கட்டும். சுத்தம் செய்த தண்ணீரில் கடைசி அலசு அலசுங்கள், நம் போர் தண்ணீர் உப்பு நெகட்டிவில் வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துவிடும்.

விமான நிலையத்தில் ஸ்கேன் செய்தால் ரோல் கெடுமா?

லக்கேஜில் ஒருபோதும் போடாதீர்கள். கைப்பையில் தெளிவான பிளாஸ்டிக் கவரில் தனியாக வைத்து, கையால் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். புதிய சிடி ஸ்கேன் இயந்திரங்கள் ஒரே தடவையில்கூடப் புகை மூட்டிவிடும்.

நிக்கான் எஃப்எம்2, கேனான் ஏஇ-1 நல்லது என்கிறார்களே?

எஃப்எம்2 இதைவிட நல்ல கேமரா, சந்தேகமில்லை. 1/4000 வரை போகும், அதுவும் பேட்டரி இல்லாமல். சென்னைப் பத்திரிகைக்காரர்கள் பலர் தோளில் தொங்கியது அது. விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. ஏஇ-1 இதே 1976-ல் வந்தது, ஷட்டரே மின்சாரத்தில் ஓடுகிறது, 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் கேமரா நின்றுவிடும். அதை மறுக்கவில்லை, நல்ல லென்ஸ்கள் உண்டு. ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு நான் கே1000-ஐத்தான் கையில் கொடுப்பேன்.

சேர்ந்து கற்றுக்கொள்ள யாராவது இருக்கிறார்களா?

ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் என்ற சங்கம் இருக்கிறது, 1857-ல் ஆரம்பித்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் கவின்கலைக் கல்லூரிக்கு வித்திட்ட அலெக்சாண்டர் ஹண்டர்தான் இதற்கும் முன்னின்றவர். கேமரா இந்த ஊருக்குப் புதிது இல்லை.

பரணில் கிடைத்த கேமராவுக்குள் ரோல் இருக்கிறது போல. திறந்து பார்க்கலாமா?

திறக்காதீர்கள். அடியில் உள்ள பட்டனை அழுத்தாமல் இடது கைப்பிடியை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள், இறுகி நின்றால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. பிறகு பட்டனை அழுத்தி நிதானமாகச் சுற்றி எடுங்கள், பழைய ஃபிலிம் மொறமொறவென்று இருக்கும், அவசரப்பட்டால் அறுந்துவிடும். கலர் ரோலாக இருந்தாலும் கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவுவது நல்லது, நிறங்கள் பெரும்பாலும் போயிருக்கும், உருவமாவது மிஞ்சும்.

சித்தப்பாவின் கேமரா என் கைக்கு வந்தபோது எண் 14-ல் நின்றது. உள்ளே கலர் ரோல். ஐஸ் அண்டா வைத்து வீட்டிலேயே கழுவினேன். பழுப்பேறிய நெகட்டிவில் பதினொரு கட்டம் வெறும் மூட்டம், மூன்றில் மட்டும் ஏதோ தெரிந்தது. பாதி எழும்பிய செங்கல் சுவர், சாரத்துக்குக் கட்டிய கம்பு, குனிந்து நிற்கும் ஒரு கொத்தனாரின் முதுகு. ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டுச் சித்தியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மாடியில தண்ணித்தொட்டி கட்டினப்ப எடுத்தது" என்றார். "அந்த வாரம் பூரா ஆபீசுக்கு லீவு போட்டுட்டு அந்தாளு பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு."